கல்லில் வெட்டிய பேரேடு

(இக்கட்டுரையில் கி.பி. என்று குறிக்கப்படாத ஆண்டுகள் எல்லாம் கி.மு.)

1

ஸோபோக்ளிஸ் என்றதும் நம் மனதில் வருவது ஒரு பளிங்கு முகம். தாடி, அமைதி, விதியைப் பற்றிய ஞானம். ஈடிப்பஸையும் ஆன்டிகனியையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு நாமெல்லோரும் நள்ளிரவு தாண்டியும் பேசியிருக்கிறோம். மனிதனும் விதியும், சட்டமும் மனச்சாட்சியும் என்று பேச்சு போகும். அத்தனை பேச்சிலும் ஸோபோக்ளிஸ் பணம் எண்ணியவர் என்ற விஷயம் ஒரு தடவைகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எண்ணியவர்தான். ஏதென்ஸின் கூட்டாளி ஊர்கள் வருஷாவருஷம் செலுத்திய பணத்தைப் பெற்று வரவு வைக்கப் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. ‘கிரேக்கர்களின் பொக்கிஷதாரர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். 443-442ஆம் ஆண்டுக் கணக்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பொக்கிஷதாரரின் பெயரும் இருக்கிறது. கல் உடைந்து சில எழுத்துக்கள் போய்விட்டன. மிஞ்சியதை வைத்துக் கொலோனஸ் ஊர் ஸோபோக்ளிஸ் என்று படிக்கிறார்கள். கவிஞரின் ஊர் அது. அதே பெயருள்ள இன்னொருவராக இருக்கலாம் என்று தயங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலான அறிஞர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

பகலெல்லாம் வங்கியில் பேரேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தச் செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மகாகவிக்கும் குமாஸ்தா வேலை இருந்தது என்ற அற்ப ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. பாரசீகர்களைத் துரத்திய 479க்கும், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொள்ளத் தொடங்கிய 431க்கும் இடைப்பட்ட ஐம்பது வருஷங்களை நாம் இரண்டு விதமாகப் படித்துவருகிறோம். இலக்கியக்காரர்களுக்கு அது பொற்காலம்: துன்பியல் நாடகம், பார்த்தினான், பெரிக்ளிஸ். சரித்திரக்காரர்களுக்கு அது அடுத்த யுத்தத்தின் முன்னுரை. இரண்டு பேருமே பேரேட்டை எதிராளியின் மேஜையில் தள்ளிவிட்டார்கள். அந்தப் பேரேட்டைப் பிரிக்காமல் பெரிக்ளிஸும் புரியமாட்டார், ஆன்டிகனியும் புரியாது என்பதே என் கட்சி.

2

முதலில் கூட்டணி. 480ல் ஸலாமிஸ் கடற்போர், 479ல் ப்ளாட்டியா, மிக்காலி. பாரசீகம் பின்வாங்கியது, ஆனால் திரும்பி வராது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. தலைமை ஸ்பார்ட்டாவிடம் இருந்தது. அதன் தளபதி பாஸனியாஸின் அகம்பாவம் தாங்காமல் தீவுக்காரர்களும் ஆசியக் கரையோரத்துக் கிரேக்கர்களும் ஏதென்ஸிடம் வந்து தலைமை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 478-477ல் கூட்டணி அமைந்தது. இரும்புக் கட்டிகளைக் கடலில் போட்டுச் சத்தியம் செய்தார்கள். இரும்பு மிதந்து மேலே வரும்வரை பந்தம் நீடிக்கும் என்பது அர்த்தம்.

எந்த ஊர் கப்பல் தருவது, எந்த ஊர் பணம் தருவது என்று நிர்ணயித்தவர் அரிஸ்டைடிஸ். நேர்மைக்குப் பெயர் போனவர். முதல் வருஷத்து மொத்தத் தொகை 460 டாலன்ட் என்று துஸிடிடிஸ் எழுதுகிறார். ஒரு டாலன்ட் என்பது சுமார் 26 கிலோ வெள்ளி, 6,000 டிராக்மா. ஒரு போர்க்கப்பலில் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா கூலி என்றால், ஒரு கப்பலை ஒரு மாதம் கடலில் வைத்திருக்க ஒரு டாலன்ட் ஆகும். டெலோஸ் தீவில் அப்போலோவின் கோயில்தான் கஜானா. யாரும் யாருக்கும் அடிமை இல்லை. கொடுக்கும் பணத்துக்கு கிரேக்கத்தில் ‘ஃபோரோஸ்’ என்று பெயர். ‘கொண்டுவருவது’ என்று பொருள். கோயில் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் வரி போட்டுக்கொள்வது போன்ற ஒரு சாதுவான சொல்.

இந்தச் சாதுவான சொல் எப்படிக் கப்பம் என்ற அர்த்தத்துக்கு வந்து சேர்ந்தது என்பதில்தான் ஐம்பது வருஷக் கதையும் அடங்கியிருக்கிறது. யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து சாம்ராஜ்யம் என்று பிரகடனம் செய்யவில்லை. கூட்டாளிகள் சலித்துப்போனார்கள். வருஷாவருஷம் ஊரைவிட்டுப் போய்த் துடுப்புப் போடுவதைவிடப் பணத்தைக் கட்டிவிட்டு வயலைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஏதென்ஸின் தளபதி கிமோன் அவர்களை வற்புறுத்தவில்லை, பணமாகவே வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் ஏதென்ஸ் தன் கப்பல்களைப் பெருக்கியது, தன் ஆட்களைப் பழக்கியது. பிறகு ஒரு ஊர் விலக நினைத்தபோது அதனிடம் கப்பலும் இல்லை, பழகிய ஆளும் இல்லை. தன்னை அடக்க வரும் கடற்படைக்குத் தானே பணம் கட்டியிருந்தது. தவறு கூட்டாளிகளுடையதுதான் என்கிறார் துஸிடிடிஸ், ஈவிரக்கமில்லாமல்.

விலகிப் பார்த்த ஊர்கள் உண்டு. 470 வாக்கில் நாக்ஸோஸ் தீவு விலகியது. முற்றுகையிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 465ல் தாஸோஸ் விலகியது. எதிர்க்கரையில் அதற்கிருந்த சந்தைகளையும் சுரங்கத்தையும் பற்றிய தகராறு அது; பாரசீக அபாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது வருஷம் தாஸோஸ் பணிந்தது. மதிலை இடித்தது, கப்பல்களை ஒப்படைத்தது, சுரங்கத்தை விட்டுக்கொடுத்தது. இரும்பு கடலடியில்தான் கிடந்தது.

454ல் கஜானா டெலோஸிலிருந்து ஏதென்ஸுக்கு வந்தது. ஐம்பது வருஷத்தை விவரிக்கும் துஸிடிடிஸ் இந்த ஒரு இடமாற்றத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். கல் சொல்கிறது. அந்த ஆண்டிலிருந்து, வரும் பணத்தில் அறுபதில் ஒரு பங்கு ஏதெனா தேவிக்குக் காணிக்கையானது. டாலன்டுக்கு ஒரு மினா. அந்தக் காணிக்கையை ஊர் வாரியாகக் கல்லில் வெட்டினார்கள். முதல் பதினைந்து வருஷங்களுக்கான கல் மூன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். நான்கு பக்கமும் எழுத்து. பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்த அதை மெரிட், வேட்-ஜெரி, மக்ரெகர் என்ற மூவர் ஒட்டவைத்துப் படித்து, கி.பி. 1939 முதல் 1953 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

நமக்குக் கிடைத்திருப்பது கப்பக் கணக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தேவியின் பங்குக் கணக்கு மட்டும்தான். அதை அறுபதால் பெருக்கித்தான் கப்பத்தைத் தெரிந்துகொள்கிறோம். ஒரு ஊருக்கு நேராக எட்டு டிராக்மா இரண்டு ஓபோல் என்று இருந்தால் அந்த ஊர் கட்டியது 500 டிராக்மா. ஒரு கப்பலுக்கு மூன்று நாள் கூலிகூட ஆகாத தொகை. அதையும் தலைநகரத்துக்குக் கொண்டுபோய், எண்ணிக் கொடுத்து, கல்லில் பெயர் ஏறும்வரை நிற்க வேண்டும். ஏஜினா போன்ற பெரிய ஊருக்கு 30 டாலன்ட். பெரியதோ சிறியதோ, கல்லில் எழுத்தின் அளவு ஒன்றுதான். ஸோபோக்ளிஸ் பொக்கிஷதாரராக இருந்த வருஷத்திலிருந்து ஊர்கள் ஐந்து மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுத் தலைப்புப் போட்டு எழுதப்படுகின்றன. நிர்வாகம் முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

3

இந்த ஐம்பது வருஷத்தில் ஏதென்ஸுக்குத் தலைமை தாங்கியவர்களைப் பார்த்தால், ஊர் தன் தலைவர்களை எப்படி நடத்தியது என்பது தெரியும். பானை ஓட்டுச் சில்லில் பெயரைக் கீறிப் போடுவார்கள். மொத்தம் 6,000 சில்லுகளுக்குக் குறையாமல் விழுந்தால், அதிகப் பேர் கீறிய பெயருக்குரியவர் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, சொத்துப் பறிமுதல் கிடையாது. ஸலாமிஸில் ஊரைக் காப்பாற்றிய தெமிஸ்டாக்ளிஸ், 470களின் இறுதியில் இப்படிப் போனார். கடைசியில் தான் தோற்கடித்த பாரசீக மன்னரின் மகனுடைய தயவில் ஆசியாவில் வாழ்ந்து இறந்தார். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து அவர் பெயர் கீறிய 190 சில்லுகள் கிடைத்தன. எழுதிய கைகள் சுமார் பதினான்குதான். யாரோ முன்கூட்டியே எழுதி அடுக்கிவைத்திருக்கிறார்கள். மக்கள் தீர்ப்பைத் தயாரித்துக் கொடுக்கும் கலை அன்றைக்கே இருந்தது.

அடுத்தவர் கிமோன். பெரிய வீட்டுப் பிள்ளை, வெற்றிமேல் வெற்றி கண்ட தளபதி. தன் தோட்டங்களின் வேலியை எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் பழம் பறித்துக்கொள்ளட்டும் என்று விட்டவர். ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள் என்ற நம்பிக்கை அவருக்கு. 464 வாக்கில் ஸ்பார்ட்டாவில் பூகம்பம்; அதையொட்டி அதன் ஹெலட் அடிமைகள் கிளர்ந்தார்கள். உதவிக்கு வீரர்களோடு போனார் கிமோன். ஸ்பார்ட்டா சந்தேகப்பட்டு, வந்தவர்களில் ஏதென்ஸ்காரர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டது. அவமானப்பட்டுத் திரும்பியவரை 461ல் ஊர் வெளியேற்றியது. அதே சமயத்தில் எஃபியால்டிஸ் பழைய பிரபுக்கள் சபையின் அதிகாரங்களைப் பறித்து மக்களின் மன்றங்களுக்குக் கொடுத்தார், சீக்கிரமே கொலையுண்டார். அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர் பெரிக்ளிஸ்.

கிமோன் தன் பணத்தைக் கொடுத்துச் செல்வாக்குத் தேடினார். பெரிக்ளிஸிடம் அவ்வளவு பணம் இல்லை. மக்களுக்கு மக்களின் பணத்தையே கொடு என்று அவருக்கு யோசனை சொல்லப்பட்டதாம். நீதிமன்றத்தில் உட்காரும் குடிமகனுக்குத் தினப்படி வந்தது. இது சாதாரண விஷயமில்லை. கூலிக்காரனும் நீதிபதியாக உட்கார முடிந்தது இதனால்தான். ஆனால் ‘மக்களின் பணம்’ எந்த மக்களின் பணம்? கப்பத்தாலும் வரிகளாலும் கூட்டாளிகளாலும் இருபதாயிரம் பேருக்கு மேல் பிழைத்தார்கள் என்று அரிஸ்டாட்டில் பள்ளியிலிருந்து வந்த ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கணக்குச் சொல்கிறது. உள்ளே ஜனநாயகம் அகலமாக ஆக, வெளியே பிடி இறுகியது. இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

இதை அன்றைக்கே நேருக்கு நேர் கேட்டவர் ஒருவர் உண்டு. மெலீஸியாஸ் மகன் துஸிடிடிஸ். சரித்திரக்காரர் வேறு, இவர் வேறு. யுத்தத்துக்கென்று வாங்கிய பணத்தில் ஊருக்கு நகை பூட்டுகிறீர்களே என்பது அவர் கட்சியின் கேள்வி. பார்த்தினான் வேலை 447ல் தொடங்கியிருந்தது. பெரிக்ளிஸின் பதிலை புளூடார்க் தருகிறார்: கூட்டாளிகள் குதிரை தருவதில்லை, கப்பல் தருவதில்லை, ஆள் தருவதில்லை, பணம் மட்டும் தருகிறார்கள். பாதுகாப்பு என்ற சரக்கை நாம் ஒழுங்காகக் கொடுக்கும்வரை, வாங்கிய பணம் வாங்கியவனுடையது. வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். சரக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குகிறவனுக்கு உண்டா என்ற ஒரு கேள்வியைத் தவிர. 443ல் அந்தத் துஸிடிடிஸின் பெயர் ஓட்டுச் சில்லில் விழுந்தது. ஸோபோக்ளிஸின் பெயர் கணக்குக் கல்லில் ஏறியதும் அந்தச் சமயத்தில்தான்.

4

இனி நாடக மேடை. டயோனிஸஸ் திருவிழா வசந்தத்தில். கூட்டாளி ஊர்கள் பணம் கொண்டுவர வேண்டிய காலமும் அதுதான். வந்த பணத்தை டாலன்ட் டாலன்டாகப் பிரித்து, நிறைந்த அரங்கின் நடுவட்டத்துக்குத் தூக்கிவந்து காட்டினார்கள் என்று ஐஸாக்ரடிஸ் பின்னாளில் கண்டித்து எழுதுகிறார். யுத்தத்தில் தகப்பனை இழந்து அரசாங்கச் செலவில் வளர்ந்த பையன்கள் கவசம் பூட்டி அதே இடத்தில் நடந்தார்கள். கூட்டாளி ஊர்த் தூதர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு நாடகம். பணம் வைத்த தரையில்தான் கோரஸ் ஆடியது.

தலைவர்களும் அந்தத் தரைக்கு அந்நியர்கள் அல்ல. 472ல் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்குச் செலவு செய்தவர் இளம் பெரிக்ளிஸ். தோற்ற எதிரியின் வீட்டு ஒப்பாரியை, அவன் எரித்த ஊரிலேயே மேடையேற்றிய நாடகம் அது. 468ல் இளம் ஸோபோக்ளிஸ் ஈஸ்கிலஸை முந்தி முதல் பரிசு வாங்கியபோது, வழக்கமான நடுவர்களுக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் கிமோனும் அவருடைய சக தளபதிகளும். பின்னால் ஸோபோக்ளிஸே தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆன்டிகனி பிடித்துப்போய் ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது என்பது பழைய செவிவழிச் செய்தி. நம்பத் தயக்கமாக இருக்கலாம். அவர் தளபதியாக இருந்தது கதையல்ல. அந்த வருஷம் 441-440. போன யுத்தம் ஸாமோஸ்.

5

ஸாமோஸ் கப்பம் கட்டும் ஊர் இல்லை. சொந்தக் கப்பல் வைத்திருந்த கடைசி மூன்று கூட்டாளிகளில் ஒன்று. பிரியீனி என்ற சிற்றூருக்காக மிலீட்டஸோடு அது சண்டை போட்டது. ஏதென்ஸ் தலையிட்டது. பெரிக்ளிஸ் 40 கப்பல்களோடு போய் ஸாமோஸில் ஜனநாயகத்தை நிறுவி, 50 ஆண்களையும் 50 சிறுவர்களையும் பிணையாகப் பிடித்து லெம்னோஸில் வைத்தார். தப்பியோடிய பிரபுக்கள் பாரசீக ஆளுநரின் உதவியோடு திரும்பிவந்து பிணைகளை மீட்டார்கள், ஊர் விலகியது. ஒன்பது மாத முற்றுகை. பிறகு மதில் இடிப்பு, கப்பல் ஒப்படைப்பு, பிணை, தவணை முறையில் யுத்தச் செலவு. ஆயிரம் டாலன்டுக்கும் மேல் ஆன செலவு. சிறைப்பட்டவர்களின் நெற்றியில் இரு தரப்பும் சூடு போட்டதாக புளூடார்க் எழுதுகிறார்: ஸாமோஸ்காரன் நெற்றியில் ஸாமோஸ் கப்பல், ஏதென்ஸ்காரன் நெற்றியில் ஆந்தை. ஆந்தை ஏதென்ஸ் நாணயத்தின் முத்திரை. கப்பல் ஸாமோஸ் நாணயத்தில் இருந்தது. மனித முகத்தில் நாணயம் அடித்தார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. பிடிபட்ட ஸாமோஸ் கப்பல் தலைவர்களைப் பலகையில் கட்டி, பத்து நாள் வெயிலில் வைத்து, மண்டையைப் பிளக்கச் செய்து, உடல்களைப் புதைக்காமல் எறியச் சொன்னார் பெரிக்ளிஸ் என்று ஸாமோஸ் சரித்திரக்காரர் டூரிஸ் எழுதியிருந்தார். சொந்த ஊர்த் துயரத்தை மிகைப்படுத்துகிறார் என்று புளூடார்க் இதை மறுக்கிறார். இருக்கலாம். அப்படி ஒரு கதை ஸாமோஸில் வழங்கியது என்பதே எனக்குப் போதும். புதைக்கப்படாத பிணத்தைப் பற்றி உலகின் மிகப் பெரிய நாடகத்தை எழுதியவர், எதிரியின் பிணம் புதைக்கப்படவில்லை என்று பேசப்பட்ட யுத்தத்தில் ஒரு தளபதி.

இந்தப் பின்னணியோடு ஆன்டிகனியைத் திரும்பப் படித்தேன். முதன்முதலில் கிரியோனைக் குறிப்பிடும்போது ஆன்டிகனி அவனை மன்னன் என்பதில்லை, தளபதி என்கிறாள். ஏதென்ஸில் வருஷாவருஷம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிப்பெயர், பெரிக்ளிஸின் பதவிப்பெயர், அதே சொல். பிறகு கிரியோனின் பணப் பேச்சு. யாரோ பிணத்தின்மேல் மண் போட்டார்கள் என்றதும் அவனுக்கு முதலில் தோன்றுவது லஞ்சம். ஊர்களை அழிப்பதும் வீடுகளைக் கலைப்பதும் பணம்தான் என்று ஆவேசமாகப் பேசுகிறான். பார்வையில்லாத தீர்க்கதரிசியையும் பணத்துக்கு விலைபோனவர் என்கிறான். ஒருத்தி காசுக்காக இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யக்கூடும் என்பது அவனுடைய கற்பனைக்கு எட்டவில்லை. எல்லா எதிர்ப்பையும் ஒரு தொகையாக மாற்றிப் பார்க்கிற மனம் அது. பொக்கிஷதாரராக இருந்த ஒருவருக்கு அந்த மனம் உள்ளிருந்தே தெரிந்திருக்கும். மனிதர்களிடமிருந்து பணம் மட்டும் வருகிறது என்பதையே தன் நியாயத்துக்கு ஆதாரமாக்கிய ஒரு வாதம் ஊரில் ஜெயித்த வருஷங்கள் அவை.

இதை வைத்து ஆன்டிகனி பெரிக்ளிஸுக்கு எதிரான பிரசார நாடகம் என்று முடிவுகட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸோபோக்ளிஸ் எதிர்ப்பாளர் அல்ல. கப்பலேறிப் போனார். போகிற வழியில் கியோஸ் தீவில் நடந்த ஒரு விருந்தில் அவரைச் சந்தித்த இயோன் என்ற எழுத்தாளர் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். கவிதை தெரியும், தளபதி வேலை தெரியாது என்று பெரிக்ளிஸ் தன்னைச் சொன்னதை ஸோபோக்ளிஸே சிரித்துக்கொண்டு சொன்னாராம். அரசியலில் அவர் பெரிய சாமர்த்தியசாலி இல்லை, எந்த நல்ல ஏதென்ஸ்காரரையும் போலத்தான் என்கிறார் இயோன். இதைவிடக் கடுமையான மதிப்பீட்டை நான் எங்கும் படித்ததில்லை. எந்த நல்ல குடிமகனையும் போல.

யுத்தம் முடிந்து பெரிக்ளிஸ் இறந்தவர்களுக்கான உரை நிகழ்த்தினார். பெண்கள் அவருக்கு மாலை சூட்டினார்கள். ஒரு கிழவி மட்டும் கிட்டே போய்க் கேட்டாள்: என் அண்ணனைப் போலப் பாரசீகனோடு போரிட்டா இவர்களைப் பறிகொடுத்தாய்? நம் இனத்து ஊர் ஒன்றை, நம் கூட்டாளி ஒன்றைக் கவிழ்க்கத்தானே? அவள் கிமோனின் சகோதரி எல்பினிகே. பெரிக்ளிஸ் சிரித்துக்கொண்டே, கிழவிக்கு எதற்கு வாசனைத் தைலம் என்ற அர்த்தத்தில் ஒரு பழைய கவிதை வரியைச் சொன்னாராம். பெண்ணொருத்தி அதிகாரத்தின் முன் நின்று பிணங்களைப் பற்றிக் கேட்கிறாள். அவன் அவள் பெண் என்பதையே பதிலாகச் சொல்கிறான். கிரியோன் ஆன்டிகனியிடம் செய்ததும் இதுதான். ஒரு வித்தியாசம், பெரிக்ளிஸ் கவிதையை மேற்கோள் காட்டினார். கவிதை எதற்கெல்லாம் உதவும் என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தையும் யோசிக்க வேண்டும்.

6

நம்மிடையே ஒரு பழைய சண்டை உண்டு. கலைஞன் அதிகாரத்தின் அழுக்குப் படாமல் இருக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. கலைஞன் போராட வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் ஸோபோக்ளிஸ் உதவமாட்டார். அவர் கை சுத்தமாக இல்லை. அவர் போராடவும் இல்லை. கப்பத்தை எண்ணினார், யுத்தத்துக்குப் போனார், ஆன்டிகனி எழுதினார். நாடகத்தில் கண்டது அவரைக் கப்பலேறவிடாமல் தடுக்கவில்லை. கப்பலேறியது நாடகத்தைப் பொய்யாக்கவும் இல்லை. பெரிய எழுத்து எழுதியவனைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையை நான் இந்தக் கல்லைப் படித்த பிறகு விட்டுவிட்டேன். எழுத்தின்மேல் நம்பிக்கை குறையவில்லை. எழுதியவனுக்கே தெரிந்தும் செய்ய முடியாமல்போனதை அது வைத்துக்கொண்டிருக்கிறது.

431ல் அடுத்த யுத்தம் தொடங்கும்போது பெரிக்ளிஸ் சபையில் இருப்புக் கணக்குப் படித்தார்: வருஷ வருமானம் 600 டாலன்ட், அக்ரோபோலிஸில் நாணயமாக 6,000 டாலன்ட், அவசரமென்றால் தேவியின் சிலைமேல் கழற்றியெடுக்கக்கூடிய 40 டாலன்ட் தங்கம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஸோபோக்ளிஸ் 406ல் இறந்தார். 404ல் ஏதென்ஸ் தோற்றது; தாஸோஸிலும் ஸாமோஸிலும் இடிக்கச் சொன்னதுபோல அதன் மதில்களையும் இடிக்கச் சொன்னார்கள். அடுத்த நூற்றாண்டில், 377ல் ஏதென்ஸ் புதிய கூட்டணி அமைத்தபோது ‘ஃபோரோஸ்’ என்ற சொல்லை உபயோகிக்க யாருக்கும் தைரியமில்லை. வேறு சொல் தேடினார்கள்.

நமக்குக் கிடைத்திருக்கும் ஸோபோக்ளிஸின் ஏழு நாடகங்களில், எட்டு டிராக்மா இரண்டு ஓபோலுக்குப் பெயர் ஏறிய அந்தச் சிற்றூர்களுக்கு இடமில்லை. கல்லில் ஆன்டிகனிக்கு இடமில்லை. இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதை மறக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அரங்கில் உட்கார்ந்திருந்த கூட்டாளி ஊர்த் தூதன் அப்படித்தான் பார்த்திருப்பான்: முதலில் தன் ஊர்ப் பணத்தை, பிறகு நாடகத்தை.